வாட்டர்ஹவுஸ் வீட்டின் முன்னறை: ஒரு ரேடியோ மெக்கானிக் எழுதிய இசை வரலாறு

"இல்லாமையிலிருந்துதான் புதிய இசை பிறக்கிறது" என்று ஒரு வசனம் உண்டு. ஆவணப்படங்களில் கேட்கலாம், பத்திரிகைக் கட்டுரைகளில் படிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் இந்த வசனத்தை நம்புவதில்லை, தோழர்களே. இல்லாமை எதையும் படைத்ததில்லை. படைத்தவர்கள் மனிதர்கள். அவர்கள் கையில் ஒரு தொழில் இருந்தது, தலையில் அதற்கான அறிவு இருந்தது. அந்த அறிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வறுமையை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது ஒரு வகைத் திருட்டு. வீட்டில் உட்கார்ந்து, மலிவான கருவிகளை மாற்றியமைத்து எலக்ட்ரானிக் இசை செய்தவர்களின் வரலாற்றில் இந்தத் திருட்டு மிக அதிகம்.

கணினி இல்லை, ஸ்டுடியோ இல்லை, நாங்கள் எப்படிப் பாட்டுப் போடுவது என்று கேட்கும் மாணவர்களுக்காக ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறோம். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். அதன் மேற்குப் பகுதியில் வாட்டர்ஹவுஸ். டிரோமிலி அவென்யூ, 18ஆம் எண் வீடு. 1970களில் அந்த வீட்டின் முன்னறையில் பிறந்ததுதான் 'டப்' இசையின் முக்கியமான பகுதி. பாட்டின் நடுவில் குரல் திடீரென மறைந்து பேஸும் டிரம்ஸும் மட்டும் நிற்பது, ஒரே ஒரு சொல் எதிரொலித்துக்கொண்டே தேய்ந்து போவது, ஒரே பாட்டுக்குப் பல வடிவங்கள் செய்வது: இன்று உலகம் முழுக்க ரீமிக்ஸ் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பங்கு அந்த அறையிலும் அதைப் போன்ற சில அறைகளிலும் வடிவம் பெற்றது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்திவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கொடி மாறியது, தோல் நிறத்தை வைத்து மனிதரை ஏணிப்படியில் நிறுத்தும் வழக்கம் மாறவில்லை. கிங்ஸ்டனில் மேல் நகரம், கீழ் நகரம் என்றே சொல்வார்கள். மேல் நகரத்தில் கிளப்புகள், இசைக்குழுக்கள், ஹோட்டல்கள். கீழ் நகரத்து மக்களுக்கு அவை எட்டாதவை. வானொலியும் அவர்களுடைய இசையை எளிதில் ஒலிபரப்பாது. அதனால் அவர்கள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதன் பெயர் சவுண்ட் சிஸ்டம். அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு ரெக்கார்டு பிளேயர், பெரிய ஆம்ப்ளிஃபயர். திறந்த வெளியில் அடுக்கி வைத்தால் அதுவே நடன அரங்கம்.

அந்த ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தவர்கள் யார்? வரலாறு இங்கேதான் வழக்கமாகத் தாவிக் குதித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய ஜமைக்கர் ஒருவர் இருந்தார். பெயர் ஹெட்லி ஜோன்ஸ். 1940களின் இறுதியில் கிங்ஸ்டனில் கடை வைத்து, பேஸ் ஒலியையும் மெல்லிய ஒலிகளையும் தனித்தனியே பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்களைக் கையால் செய்தார். 'டாம் தி கிரேட் செபாஸ்டியன்' என்ற பெயரில் புகழ்பெற்ற சவுண்ட் சிஸ்டத்துக்கு ஆம்ப் செய்து கொடுத்தவர் அவர்தான். பேரரசு தன் போருக்காகக் கற்றுக்கொடுத்த தொழில்நுட்பம் கீழ் நகரத்து நடனத்துக்குப் பயன்பட்டது. வயிறு அதிரும் அந்த பேஸ் ஒலி வானத்திலிருந்து விழவில்லை. யாரோ சர்க்யூட் வரைந்தார்கள், யாரோ கம்பி சுற்றினார்கள்.

டிரோமிலி அவென்யூக்காரர் அந்த வழியில் வந்தவர். ஆஸ்போர்ன் ரட்டக், 1941இல் பிறந்தவர். உலகத்துக்கு அவர் கிங் டப்பி. (டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர், கவுண்ட் மச்சூக்கி, கிங் டப்பி: ஒரு மரியாதையும் தரப்படாத மக்கள் ராஜா, பிரபு, இளவரசன் பட்டங்களை எல்லாம் தாங்களே எடுத்துச் சூடிக்கொண்டதைக் கவனியுங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.) அவருடைய பிழைப்பு ரேடியோ, எலக்ட்ரானிக் கருவிகள் பழுதுபார்ப்பது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுப்பார், மற்ற சவுண்ட் சிஸ்டங்களுக்கு ஆம்ப் செய்து கொடுப்பார். ஜாஸ் இசைப் பிரியர். கடையும் கருவிகளும் துடைத்து வைத்தது போல் இருக்க வேண்டும் என்பதில் கறாரானவர். எந்த வாத்தியமும் வாசித்துப் பெயர் வாங்கியவர் அல்ல.

அவரே ஒரு சவுண்ட் சிஸ்டமும் நடத்தினார்: டப்பிஸ் ஹோம்டவுன் ஹை-ஃபை. 1960களின் பிற்பகுதியில் அதில் மைக் பிடித்தவர் யூ-ராய். பாட்டின் மேல் பேச்சை ஏற்றிப் பாடும் கலையில் பிறருக்கு வழிகாட்டியவர். மற்ற செட்டுகளில் கேட்காத தெளிவும் எதிரொலியும் டப்பியின் செட்டில் கேட்டன, ஏனென்றால் அதன் பாகங்களை அவரே செய்திருந்தார். கூட்டம் திரண்டது. போலீசும் வந்தது. 1970களின் நடுவில் அந்த செட்டைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஏழைகள் சத்தமாக ஒன்றுகூடுவது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுவது எந்த நாட்டில்தான் இல்லை.

டப் எப்படித் தொடங்கியது என்பதற்குப் பலமுறை சொல்லப்பட்ட ஒரு கதை இருக்கிறது. 1960களின் கடைசியில், ஸ்பானிஷ் டவுன் ஊரைச் சேர்ந்த ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரர், டிரெஷர் ஐல் ஸ்டுடியோவில் ஒரு பாட்டைத் தனக்கென்று தட்டில் வெட்டி வாங்குகிறார். வெட்டும்போது குரல் தடம் விடுபட்டுப் போகிறது. வெறும் இசை மட்டும் கொண்ட அந்தத் தட்டை அவர் நடனத்தில் போட, கூட்டமே அந்தப் பாட்டைப் பாட ஆரம்பிக்கிறது. மக்களுக்கு ஏற்கெனவே பாட்டு மனப்பாடம்; இப்போது பாடகரின் இடம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ரெக்கார்டின் பின்பக்கத்திலும் குரல் இல்லாத 'வெர்ஷன்' வருவது வழக்கமானது.

இதில் ஒரு காசுக் கணக்கும் உண்டு. முன்பு ஒரு ரெக்கார்டின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பாட்டு வேண்டும். இரண்டுக்கும் இசைக்குழுவுக்குக் கூலி தர வேண்டும். வெர்ஷன் வந்த பிறகு ஒரு பாட்டின் கூலியில் இரண்டு பக்கமும் நிரம்பியது. தயாரிப்பாளருக்கு லாபம், வாசித்தவருக்கு நட்டம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

இனி அந்த அறைக்குள் போவோம். 1970களின் தொடக்கத்தில் டைனமிக் சவுண்ட்ஸ் என்ற பெரிய ஸ்டுடியோ தன் பழைய நான்கு தட வசதியை மாற்றிப் புதிய கருவிகள் வாங்கியது. தயாரிப்பாளர் பன்னி லீ இடையில் நின்று பேச, அவர்கள் கழித்துவிட்ட எம்.சி.ஐ. மிக்ஸர் டப்பியின் வீட்டு முன்னறைக்கு வந்தது. அறை சிறியது. முழு இசைக்குழுவை உட்கார வைத்துப் பதிவு செய்ய இடமில்லை. வேறு ஸ்டுடியோக்களில் பதிவான டேப்புகளைத் தயாரிப்பாளர்கள் கொண்டுவருவார்கள். இங்கே குரல் சேர்க்கலாம், மிக்ஸ் செய்யலாம். குரல் பதிவு செய்யும் அறை எது தெரியுமா? குளியலறை.

அந்த மிக்ஸரில் ஒரு பெரிய திருகு இருந்தது. ஹை-பாஸ் ஃபில்டர். கனத்த ஒலியை வெட்டிவிட்டு மேல் ஒலிகளை மட்டும் விடுவது அதன் வேலை. சுமார் 70 ஹெர்ட்ஸில் தொடங்கி 7500 வரை படிப்படியாக ஏறும். ஸ்டுடியோ பொறியாளர்களைக் கேட்டால், தேவையில்லாத இரைச்சலை நீக்க அதைப் பயன்படுத்தலாம் என்பார்கள். டப்பி அதை வாத்தியம் போல் வாசித்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகுவார். பேஸ் போய்விடும், பிறகு டிரம்ஸின் உடல் போய்விடும், கடைசியில் தகரத்தின் மேல் மணல் கொட்டுவது போல ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். அப்போது திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் பேஸ் மொத்தமாக வந்து விழும். படிப்படியாக நகரும் திருகு என்பதால் ஒவ்வொரு படியும் காதில் கேட்கும்.

எதிரொலிக்கு விலையுயர்ந்த கருவி வாங்கவில்லை. டேப்பை ஒரு வளையமாக ஒட்டி, பழைய இரண்டு தட ரெக்கார்டரின் ஹெட்டுகள் மேல் சுற்ற விட்டார். ஒரு ஹெட் பதியும், அடுத்த ஹெட் கொஞ்ச நேரம் கழித்து அதையே வாசிக்கும். வாசித்ததை மறுபடி உள்ளே அனுப்பினால் எதிரொலியின் எதிரொலி. ரிவெர்ப் கருவியாகப் பயன்பட்டது ஃபிஷர் நிறுவனத்தின் ஸ்பிரிங் பெட்டி; வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காக விற்கப்பட்ட பொருள். உள்ளே நிஜமாகவே ஸ்பிரிங் இருக்கும். ஒலி அதன் வழியாகப் போய் நடுங்கித் திரும்பும். டப்பி அதைத் தன் தேவைக்கு மாற்றியமைத்தார். அந்தப் பெட்டியைத் தூக்கி லேசாகக் கீழே போட்டால் ஸ்பிரிங் அதிர்ந்து இடி விழுவது போல் ஒலிக்கும். டப் பாடல்களில் திடீரென்று இடி முழங்குகிறதே, அதன் ரகசியம் இவ்வளவுதான்.

நான்கு தடங்கள். டிரம்ஸ், பேஸ், கிட்டார்-ஆர்கன், குரல். இவற்றை இறக்கி ஏற்றி, எதிரொலிக்கு அனுப்பி, வெட்டி, மறுபடி சேர்த்து, பாட்டு ஓடும் அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் கையாலேயே முடிக்க வேண்டும். கணினி நினைவில் வைத்துக்கொள்ளாது. பிழைத்தால் முதலிலிருந்து. அதனால் ஒரே டேப்பிலிருந்து அவர் செய்த இரண்டு மிக்ஸ்கள் ஒன்றுபோல் இருக்காது. 1976இல் அகஸ்டஸ் பாப்லோவுடன் வந்த 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். பாப்லோ வாசிப்பது மெலோடிகா. பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க விற்கப்படும், வாயால் ஊதிக்கொண்டே கட்டை அழுத்தும் கருவி. விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று அந்த எதிரொலிக்குள் போனதும் எவ்வளவு துயரத்தைச் சுமக்கிறது என்று கேளுங்கள்.

இப்போது காசுக் கணக்குக்குத் திரும்புவோம். பாட்டு எழுதியவருக்கு ஒரு பெயர், பாடியவருக்கு ஒரு பெயர், தயாரிப்பாளருக்கு உரிமை. மிக்ஸ் செய்தவருக்கு? கூலி. டப்பியின் பெயரும் படமும் போட்டு எத்தனையோ தட்டுகள் ஐரோப்பாவில் விற்றன, இன்னும் விற்கின்றன. ஆனால் டேப் யாருடையதோ, இசையும் அவருடையது என்பதே நடைமுறை. ஜமைக்காவின் சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1993இல்தான்.

டப்பியிடம் வேலை கற்ற சயன்டிஸ்ட் கதை இதைவிடத் தெளிவு. இயற்பெயர் ஹோப்டன் பிரவுன், 1960இல் பிறந்தவர். டிவி பழுதுபார்ப்பவரின் மகன். ஆம்ப் செய்வதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க டப்பியிடம் வந்த பையன், மிக்ஸரில் உட்கார்ந்தான். 1981இல் அவர் பெயரிலேயே வந்த வாம்பயர்கள் பற்றிய டப் ஆல்பம் ஒன்று உண்டு. அதன் ஐந்து பாடல்கள் 2001இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' வீடியோ கேமில், காருக்குள் ஒலிக்கும் ரேடியோவில் இருக்கின்றன. உங்களில் பலர் விளையாடியிருப்பீர்கள், கேட்டிருப்பீர்கள். அந்த இசையில் தனக்கு உரிமை உண்டு என்று சயன்டிஸ்ட் வழக்காடினார். அட்டையில் அவர் பெயர், அட்டைப்படத்தில் அவர் உருவம். ஆனாலும் எதிர்த்தரப்பின் பார்வையில் அவர் வெறும் பொறியாளர்.

வெறும் பொறியாளர், வெறும் மெக்கானிக், வெறும் அடிப்பவன். இந்த 'வெறும்' எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல். தோலைப் பதப்படுத்தி, பறையைக் காய்ச்சி, அடித்து, அதன் ஒலியை முழுதாக அறிந்தவரை நம் ஊரில் எத்தனை தலைமுறையாக இசை அறிஞர் என்று யாரும் எழுதவில்லை. கையால் செய்பவரிடம் அறிவு இருக்காது என்ற எண்ணம் ஜமைக்காவில் நிறத்தைக் கட்டிக்கொண்டு வந்தது, இங்கே சாதியைக் கட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டால் அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான்.

டப்பியின் இன்னொரு மாணவர் லாயிட் ஜேம்ஸ் என்கிற ஜாமி. அவரும் ஆம்ப் செய்து பிழைத்தவர். கனடாவில் சில காலம் இருந்துவிட்டு 1976 வாக்கில் திரும்பி வந்து டப்பியிடம் மிக்ஸ் செய்தார், பிறகு அதே வாட்டர்ஹவுஸில், செயின்ட் லூசியா சாலையில், தன் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்தார். 1985இல் அங்கே நடந்ததுதான் அடுத்த உடைப்பு.

வெய்ன் ஸ்மித் என்ற இளம் பாடகரும் அவருடைய நண்பர் நோயல் டேவியும் ஒரு கேசியோ எம்.டி-40 கீபோர்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 1981இல் சந்தைக்கு வந்த சின்னக் கட்டைகள் கொண்ட வீட்டுக் கீபோர்டு. ஸ்டுடியோக்காரர்கள் திரும்பிப் பார்க்காத ரகம். அதில் 'ராக்' என்று ஒரு தாளம் உள்ளே பதிந்து வைக்கப்பட்டிருந்தது. பேஸ் வரியும் கூடவே வரும். அதை ஜாமியிடம் கொண்டுபோனார்கள். ஜாமி வேகத்தைக் குறைத்தார், மேலே கொஞ்சம் சேர்த்தார். 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' பிறந்தது. 1985 பிப்ரவரி 23 அன்று வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்ப்பியோ சவுண்ட் சிஸ்டத்தோடு நடந்த போட்டியில் ஜாமி அதைப் போட்டார். அதன் பிறகு ஜமைக்க இசை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதே தாளத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்துவிட்டன.

அந்தத் தாளத்தைச் செய்தவர் யார் என்று வாட்டர்ஹவுஸில் யாருக்கும் அப்போது தெரியாது. ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு, 1980இல் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்ததும் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று அந்தக் கீபோர்டுக்குத் தாளங்கள் அமைப்பது. 'ராக்' என்று பெயரிட்டாலும் அவர் காதில் ஓடியது ரெகே. ஜமைக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒலி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைந்து ஜமைக்காவுக்கே திரும்பியிருக்கிறது! பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பெயர் வெளியே வந்தது. ஆண்கள் மட்டுமே நிறைந்ததாகச் சொல்லப்படும் வரலாறுகளில் இப்படி ஒரு பெண்ணின் பெயர் எங்கோ புதைந்திருக்கும். தோண்டுவது நம் வேலை. கேசியோ நிறுவனம் அந்தத் தாளத்துக்கு உரிமைத்தொகை கேட்டு யாரையும் துரத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரத்தியிருந்தால் டான்ஸ்ஹால் இசையின் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

ஆனால் ஸ்லெங் டெங்கை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒரு சின்னக் கீபோர்டு வந்ததும் பேஸ் வாசித்தவர், டிரம்ஸ் அடித்தவர், டிராம்போன் ஊதியவர் வேலை குறைந்தது. அவர்களும் கீழ் நகரத்துப் பிள்ளைகள்தான். பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள். ஸ்லை-ராபி போன்ற சிலர் மின்னணுக் கருவிகளுக்கு மாறிக்கொண்டார்கள். ஸ்டீலி-கிளீவி என்ற இருவர் புதிய முறையிலேயே எழுந்து வந்தார்கள். பலர் ஒதுங்கிப் போனார்கள். கருவி மலிவானால் வாசல் திறக்கும் என்பது உண்மை. யாருக்குத் திறந்தது, யார் வெளியே போனார்கள் என்று கேட்காமல் 'ஜனநாயகமயமாதல்' என்ற பெரிய சொல்லைப் போடுவது சோம்பேறித்தனம்.

இந்த அறிவு கடல் தாண்டியும் போனது. 1967இல் கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்த சிறுவன், பின்னாளில் டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் செட் வைத்து நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். லண்டனில், கயானாவிலிருந்து வந்த நீல் ஃபிரேசர், சிறுவயதில் தானே ரேடியோ செய்ததால் 'மேட் புரொஃபசர்' என்று பட்டப்பெயர் வாங்கியவர், 1979இல் தன் வீட்டு முன்னறையில் அரிவா ஸ்டுடியோவைத் தொடங்கினார். மறுபடியும் முன்னறை, மறுபடியும் ரேடியோ.

இவர்கள் எல்லோரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ராடார் படித்தவர், ரேடியோ பழுதுபார்த்தவர், டிவி மெக்கானிக்கின் மகன், ஆம்ப் செய்தவர். பெட்டியைத் திறந்து பார்க்கப் பயப்படாதவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததால், செய்தவர் நினைக்காத வேலையை அந்தப் பெட்டியிடம் வாங்கினார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஓர் அறை இருந்தது, அது அம்மாவின் வீட்டு முன்னறையாக இருந்தாலும். சொந்தமாக ஒரு கூட்டமும் இருந்தது. மேல் நகரத்து வானொலியின் அனுமதிக்குக் காத்திராமல் சனிக்கிழமை இரவே போட்டுப் பார்த்துவிடலாம். பிடித்ததா இல்லையா என்று கூட்டம் அங்கேயே சொல்லிவிடும். டப்பியின் அறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தன. அதைப் பள்ளிக்கூடம் என்றே நாங்கள் சொல்வோம். இசைக் கல்லூரி எதுவும் அந்தப் பாடத்தை அப்போது வைத்திருக்கவில்லை.

கிங் டப்பி 1980களின் நடுவில் புதிய ஸ்டுடியோவும் தன் சொந்த வெளியீட்டு நிறுவனமும் தொடங்கினார். கூலிக்கு மிக்ஸ் செய்தவர் தானே தயாரிப்பாளரானார். 1985இல் அந்தோணி ரெட் ரோஸ் பாடிய 'டெம்போ' அவருடைய தயாரிப்பு. நான்கு ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. 1989 பிப்ரவரி 6 அன்று, கிங்ஸ்டனின் டுஹேனி பார்க் பகுதியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 48. சுட்டது யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

டிரோமிலி அவென்யூ முன்னறையில் இருந்த அந்த எம்.சி.ஐ. மிக்ஸர், பெரிய திருகோடு, இப்போது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் உருவாக்கிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.